ஆறு வெள்ளிக்கு விற்ற அடுத்த விண்டோஸ்

2003-ஆம் ஆண்டின் இறுதியில் ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடியில் ஒரு குறுந்தட்டு விற்பனைக்கு வந்தது. விலை 6 வெள்ளிதான். அதில் இருந்தது 'லாங்ஹார்ன்'. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அடுத்து வெளியிடவிருந்த விண்டோஸ் இயங்குதளத்திற்கு வைத்திருந்த சங்கேதப் பெயர் அது. அசல் கடைக்கு வர இன்னும் சில ஆண்டுகள் இருந்தன. அதற்குள் திருட்டுக் குறுந்தட்டு வியாபாரிகள் முந்திக்கொண்டார்கள். வெளிநாட்டுச் செய்தி நிறுவனமும் அதைச் செய்தியாக்கியது. மலேசியர்கள் பெருமைப்படத்தக்க செய்தி அல்ல அது. ஆனாலும் நாளை வரப்போவதை இன்றே பார்த்துவிட வேண்டும் என்ற ஆவல் எவ்வளவு பெரியது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

அந்தப் பிரதி எங்கிருந்து வந்தது? அந்த ஆண்டு அக்டோபர் மாதம் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மென்பொருள் எழுதுவோருக்காக மைக்ரோசாஃப்ட் ஒரு மாநாட்டை நடத்தியது. புதிய விண்டோஸ் எப்படி அமையப்போகிறது என்று மேடையில் காட்டியதோடு, முற்றுப்பெறாத ஒரு பிரதியையும் வந்தவர்களிடம் கொடுத்தனுப்பியது. அவர்கள் தங்கள் மென்பொருள்களை அதற்கேற்பத் தயார்செய்துகொள்ள வேண்டும் என்பதுதான் நோக்கம். அந்த ஆரம்பப் பிரதியே சில வாரங்களில் கடல் கடந்து கடைத்தட்டுக்கு வந்துவிட்டது.

சரி, 6 வெள்ளி கொடுத்தவருக்கு என்ன கிடைத்தது? அந்த மாநாட்டில் காட்டப்பட்ட புதுமைகளில் ஒன்று 'வின்எஃப்எஸ்'. கோப்புகளை ஒவ்வொரு கோப்புறையாகத் திறந்து தேடாமல், 'தம்பி கல்யாணத்தில் எடுத்த படங்கள்' என்று தொடர்பை வைத்தே தேடி எடுக்கலாம் என்றார்கள். 2004 ஆகஸ்டில் அது புதிய விண்டோஸில் வராது என்று அறிவித்தார்கள். வேலை மிகவும் சிக்கலாகிப்போனதால், அதுவரை எழுதியதில் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு, விண்டோஸ் சர்வர் 2003-இன் அடித்தளத்தின்மேல் மறுபடியும் கட்டத் தொடங்கினார்கள். 2005 ஜூலையில் அதற்கு 'விஸ்தா' என்று பெயர் சூட்டப்பட்டது. 2007 ஜனவரி 30-ஆம் தேதி பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தது. வின்எஃப்எஸ் தனிப் பொருளாகக்கூட வெளிவராமல் போயிற்று. ஆக, குறுந்தட்டு வாங்கியவருக்குக் கிடைத்தது, இடித்துவிட்டு வேறு மாதிரி கட்டப்போகிற ஒரு வீட்டின் சாரம் மட்டுமே.

இத்தகைய பதிப்பைத் தமிழில் 'வெள்ளோட்டப் பதிப்பு' என்பது மிகவும் பொருத்தம். கோயிலுக்குப் புதுத் தேர் செய்தால், சுவாமியை ஏற்றுவதற்கு முன் வெறுந்தேரை ஒருமுறை வீதியில் இழுத்துப் பார்ப்பார்கள். அச்சு தாங்குகிறதா, வளைவில் திரும்புகிறதா, எங்கே முட்டுகிறது என்றெல்லாம் தெரிந்துகொள்வதற்காகவே அந்த ஓட்டம். அதை வேடிக்கை பார்க்கவும் கூட்டம் கூடும். ஆனால் வடம் பிடிப்பவருக்கும் வேடிக்கை பார்ப்பவருக்கும் வேறுபாடு உண்டு. வெள்ளோட்டத்தில் யாரும் சுவாமியை ஏற்றுவதில்லை என்பதையும் மறந்துவிடக்கூடாது.

வெள்ளோட்டப் பதிப்புகளைப் பின்தொடர்கிறவர்கள் முதலில் பார்ப்பது ஓர் எண்ணை. பெரிய இயங்குதளம் ஒன்றை உருவாக்கும்போது, பல குழுக்கள் எழுதும் நிரல்களை அவ்வப்போது ஒன்றுசேர்த்து முழு இயங்குதளமாகத் தொகுப்பார்கள். அந்தத் தொகுப்புக்கு 'பில்ட்' என்று பெயர். ஒவ்வொரு பில்ட்டுக்கும் ஓர் எண் உண்டு. நிறுவனத்துக்குள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் ஆரம்பநிலைக்கு ஆல்ஃபா என்பார்கள். வெளியாரிடம் கொடுத்துச் சோதிக்கும் நிலை பீட்டா. அடுத்து வருவது ஆர்.சி. அதாவது வெளியீட்டு வேட்பாளர். தேர்தல் வேட்பாளரைப் போலத்தான் இதுவும். பெரிய குறை எதுவும் அம்பலமாகாவிட்டால் இதுவே வெற்றிபெறும். விண்டோஸ் 7-இன் பீட்டாவுக்கு எண் 7000, ஆர்.சி.க்கு 7100, 2009 ஜூலை 22-ஆம் தேதி முடிவான பதிப்புக்கு 7600. இந்த மூன்று எண்களுக்கு இடைப்பட்ட ஆறேழு மாதங்களில் நடந்தவற்றைப் பார்த்தால் வெள்ளோட்டத்தின் நல்லது கெட்டது இரண்டும் விளங்கும்.

2009 ஜனவரி 7-ஆம் தேதி லாஸ் வேகஸ் நகரில் ஸ்டீவ் பால்மர் அந்த பீட்டாவை அறிவித்தார். 9-ஆம் தேதி முதல் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பதிவிறக்கம் செய்யலாம், ஆனால் முதல் 25 லட்சம் பேருக்கு மட்டுமே என்றார்கள். அப்படிச் சொன்னால் என்ன ஆகும்? குறிப்பிட்ட நாளில் கூட்டம் முண்டியடிக்க, மைக்ரோசாஃப்டின் சர்வர்களே திணறிப்போயின. மறுநாள்தான் பதிவிறக்கம் ஒழுங்காகத் தொடங்கியது. வேறு வழியின்றி 25 லட்சம் என்ற வரம்பையும் சில நாள்களுக்குத் தளர்த்தினார்கள்.

அந்தப் பதிப்பை நிறுவிக் கணினியைத் திறந்தவர்களை வரவேற்றது ஒரு மீன். திரை முழுவதும் ஒரு சண்டை மீன், பக்கத்தில் ஏழு நீர்க்குமிழிகள். ஏழு என்பது விண்டோஸ் 7-ஐக் குறிக்க. அந்த மீனுக்கு விலங்கியலார் வைத்த பெயர் 'பெட்டா'. பீட்டாவுக்குப் பெட்டா! தோட்டப்புற வாய்க்காலில் சண்டை மீன் பிடித்து, போத்தலில் அடைத்து வளர்த்த தலைமுறைக்கு இந்தச் சிலேடை இன்னும் கூடுதலாகவே ரசித்திருக்கும்.

மீனைவிட முக்கியமானது ஒவ்வொரு சன்னலின் மேல்விளிம்பிலும் இருந்த சிறு இணைப்பு. அதைச் சொடுக்கினால் அந்த இடத்திலிருந்தே கருத்தை மைக்ரோசாஃப்டுக்கு அனுப்பலாம். இலவசமாகக் கொடுத்ததற்கு அவர்கள் கேட்ட விலை இதுதான்.

அந்த விலையைச் சிலர் ஒழுங்காகவே செலுத்தினார்கள். விஸ்தாவில் எதைத் தொட்டாலும் 'அனுமதிக்கிறீர்களா?' என்று திரை குறுக்கிட்டுக் கேட்கும். பயனர் கணக்குக் கட்டுப்பாடு என்ற பாதுகாப்பு ஏற்பாடு அது. மக்கள் அலுத்துக்கொண்டதால், விண்டோஸ் 7-இல் கேள்வியைக் குறைத்தார்கள். பயனரே விண்டோஸின் அமைப்புகளை மாற்றினால் கேட்காமல் விட்டுவிடும்படி செய்தார்கள். பீட்டாவைச் சோதித்தவர்கள் அதில் ஓர் ஓட்டையைக் கண்டார்கள். பயனர் விசைகளை அழுத்துவதைப் போலவே நடிக்கும் ஒரு சிறு நிரலை எழுதினால், அது அந்தக் கட்டுப்பாட்டையே சத்தமில்லாமல் அணைத்துவிடும். காவலாளியின் கையிலிருந்தே சாவியை வாங்கி, அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவதைப் போல.

முதலில் மைக்ரோசாஃப்ட் இதைக் குறையாக ஏற்கவில்லை. அப்படித்தான் வடிவமைத்திருக்கிறோம் என்றது. எதிர்ப்பு வலுத்த பிறகு, பிப்ரவரி 5-ஆம் தேதி மைக்ரோசாஃப்டின் ஸ்டீவன் சினோஃப்ஸ்கியும் ஜான் டிவானும் நிலையை மாற்றிக்கொண்டார்கள். கட்டுப்பாட்டின் அளவை மாற்ற முயன்றாலே இனி அனுமதி கேட்கும் என்றார்கள். ஆர்.சி.யில் அந்தத் திருத்தம் வந்தது. பிற்பாடு விண்டோஸ் 7 வாங்கியவர்களில் பெரும்பாலோருக்கு இப்படியொரு ஓட்டை இருந்ததே தெரியாது.

இதே பீட்டாவில் இன்னொரு குறையும் இருந்தது. எம்பி3 பாட்டுக் கோப்பில் பாடகர் பெயர், படம் போன்ற விவரங்களைச் சேர்க்கும்போது, சில கோப்புகளில் பாட்டின் தொடக்கத்தில் உள்ள சில வினாடிகள் வெட்டுப்பட்டுவிடும். வெட்டுப்பட்டது நிரந்தரமாகப் போய்விடும். திருத்தத்தை வெளியிட்ட மைக்ரோசாஃப்ட், கணினியில் உள்ள பாட்டுகளை மட்டுமல்ல, அந்தக் கணினி தொடக்கூடிய வெளி வட்டுகளிலும் வலையமைப்பிலும் இருக்கும் பாட்டுகளையும் முன்கூட்டியே பிரதி எடுத்து வைக்கச் சொன்னது. 'பழைய கணினியில்தானே போட்டுப் பார்க்கிறேன், எனக்கென்ன நட்டம்?' என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பழைய கணினி சரிதான். ஆனால் அதில் செருகிய வெளி வட்டு பழையதா? கடையில் வாங்கிய பாட்டு போனால் மறுபடி வாங்கலாம். இறந்துபோன தாத்தாவின் குரலைப் பதிவுசெய்து வைத்திருந்தால், அதன் முதல் சில வினாடிகளை எந்தக் கடையில் வாங்குவது?

2014 செப்டம்பர் 30-ஆம் தேதி விண்டோஸ் 10 அறிவிக்கப்பட்டபோது வெள்ளோட்டம் நிரந்தர ஏற்பாடாகவே மாறியது. 'விண்டோஸ் இன்சைடர்' திட்டத்தில் சேர்ந்தவர்களுக்குப் புதிய பில்ட்டுகள் வந்துகொண்டே இருந்தன. அவசரக்காரர்களுக்கு வேக வட்டம், நிதானமானவர்களுக்கு மெது வட்டம். லட்சக்கணக்கானோர் சேர்ந்தார்கள். இத்தனை கண்கள் பார்த்தால் எந்தக் குறையும் தப்பாது என்றே யாரும் நினைப்பார்கள்.

2018 அக்டோபர் 2-ஆம் தேதி விண்டோஸ் 10-இன் 1809 என்ற பதிப்பு பொதுமக்களுக்கு வெளியானது. 'புதுப்பிப்பு இருக்கிறதா?' என்று தாங்களாகவே பொத்தானை அழுத்திப் பார்த்தவர்களுக்குத்தான் முதலில் போய்ச் சேர்ந்தது. நான்கு நாள்களுக்குள் அதை நிறுத்த வேண்டியதாயிற்று. காரணம், சிலருடைய ஆவணங்களும் படங்களும் காணாமல் போயிருந்தன.

நடந்தது இதுதான். சி வட்டு நிரம்பிவிட்டால், ஆவணங்கள், படங்கள் ஆகியவற்றுக்கான கோப்புறையை டி வட்டுக்கு மாற்றிக்கொள்ள விண்டோஸிலேயே வழி உண்டு. அப்படி மாற்றும்போது பழைய கோப்புகளையும் சேர்த்து நகர்த்தாமல் விட்டால், பழைய கோப்புறை சி வட்டில் அப்படியே கிடக்கும். அதற்கு முந்தைய பதிப்பில், இப்படி மாற்றியவர்களின் கணினியில் அதே பெயரில் வெறும் கோப்புறைகள் தேவையில்லாமல் தோன்றுவதாக முறையீடு வந்தது. அவற்றைத் துடைத்தெடுக்க 1809-இல் ஒரு நிரல் சேர்த்தார்கள். அந்த நிரல் கோப்புறை காலியாக இருக்கிறதா என்று பாராமல், பழைய இடத்தில் இருந்த கோப்புறையையே உள்ளே இருந்தவற்றோடு அழித்துவிட்டது. ஒரு குறையைத் தீர்க்க எழுதிய மருந்தே நோயானது.

இதில் வருந்தத்தக்க பகுதி இனித்தான் வருகிறது. 1809 வெளியாவதற்கு மாதங்களுக்கு முன்பே, வெள்ளோட்டத்தில் இருந்த சிலர் 'என் கோப்புகள் போய்விட்டன' என்று கருத்து மையத்தில் எழுதியிருந்தார்கள். அங்கே ஒரு முறையீடு மேலே வருவதும் அடியில் கிடப்பதும் எத்தனை பேர் அதற்கு வாக்களிக்கிறார்கள் என்பதைப் பொறுத்திருந்தது. இந்த முறையீடுகளுக்கு வாக்கு மிகக் குறைவு. ஏனென்றால் பாதிக்கப்பட்டவர்களே குறைவு. 1809-ஐ நிறுவியவர்களில் பத்தாயிரத்தில் ஒருவர் அளவுக்குத்தான் புகார் வந்ததாக மைக்ரோசாஃப்டே பின்னர் கூறியது. திரையின் நிறம் பிடிக்கவில்லை என்றால் ஆயிரம் பேர் ஆமோதிப்பார்கள். பத்தாயிரத்தில் ஒருவருக்குக் குடும்பப் படங்கள் எல்லாம் அழிந்தால் ஆமோதிக்க ஆள் இராது. போதாக்குறைக்கு, வெளியீட்டுக்கு முன் கடைசியாக ஓடவேண்டிய சோதனை வட்டத்தையும் அந்தப் பதிப்பு தாண்டிக் குதித்திருந்தது.

அதன்பிறகு கருத்து மையத்தில் ஒரு மாற்றம் செய்தார்கள். குறை எவ்வளவு கடுமையானது, அதனால் என்ன பாதிப்பு என்பதையும் முறையிடுபவரே குறிப்பிடலாம். திருத்தப்பட்ட 1809 நவம்பர் 13-ஆம் தேதி மறுபடியும் வெளிவந்தது.

ஆகவே வெள்ளோட்டத்தில் சேர நினைப்பவர் எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும். 'வேலை செய்யவில்லை, சரிசெய்யுங்கள்' என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. மருத்துவரிடம் 'உடம்பு சரியில்லை' என்று மட்டும் சொல்லிவிட்டு வருவதைப் போன்றது அது. எந்த பில்ட், எதைச் செய்துகொண்டிருந்தபோது, என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது, மறுபடி செய்தால் மறுபடியும் அதேபோல் நடக்கிறதா என்பதை வரிசையாக எழுத வேண்டும். ஒரு முறையீட்டில் ஒரு குறை போதும். அதே குறையை வேறொருவர் முன்பே எழுதியிருந்தால், அவருக்கு வாக்களிப்பதே மேல். கோப்பு அழிந்தது போன்ற பெரிய குறையை அடியில் கிடக்கும் முறையீட்டில் கண்டால், தனக்கு நேராவிட்டாலும் தன் கணினியில் செய்து பார்த்து உறுதிப்படுத்துகிறவரே நல்ல சோதனையாளர்.

எந்த வட்டத்தில் சேர்கிறோம் என்பதும் முக்கியம். 2023-இல் மைக்ரோசாஃப்ட் தன் வெள்ளோட்டத்தை நான்கு தடங்களாகப் பிரித்தபோது, மிக ஆரம்பநிலைப் பதிப்புகளுக்கான தடத்திற்குக் 'கேனரி' என்று பெயரிட்டது. நிலக்கரிச் சுரங்கத்தில் நச்சு வாயு இருக்கிறதா என்று அறிய முன்பு கூண்டில் கொண்டுபோன குருவி அது. குருவி மயங்கினால் மனிதர்கள் வெளியே ஓடுவார்கள். பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. அந்தத் தடத்திலிருந்து கீழே இறங்க வேண்டுமானால் கணினியைத் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது.

நுழையும் வழியைத் தேடுகிறவர்கள் வெளியேறும் வழியையும் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. விண்டோஸ் 7 பீட்டாவில் இருந்தவர்கள் ஆர்.சி.க்கு நேரடியாக மாற மைக்ரோசாஃப்ட் வழி வைக்கவில்லை. விஸ்தாவுக்குத் திரும்பி அங்கிருந்து வாருங்கள், அல்லது புதிதாக நிறுவுங்கள் என்றது. பீட்டாவின் ஆயுள் 2009 ஆகஸ்ட் 1 வரை மட்டுமே. ஆனால் ஒரு மாதம் முன்னதாக, ஜூலை 1-ஆம் தேதி முதலே, அந்தச் சண்டை மீன் நீந்திய கணினிகள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாமாகவே அணையத் தொடங்கின. எழுதிக்கொண்டிருந்ததைச் சேமிக்காதவர்கள் மறுபடியும் முதலிலிருந்து எழுதினார்கள்.