தூக்குவதற்கு முன் கழுத்தைக் கவனியுங்கள்

திண்டுக்கல் நான்குவழிச் சாலையில் பைக் சறுக்கினாலும், நத்தம் பக்கம் தென்னை மரத்திலிருந்து ஆள் விழுந்தாலும் கூட்டம் முதலில் செய்வது, அக்குளில் கைகொடுத்து உட்கார வைப்பதுதான். அடுத்து சோடா, அப்புறம் ஆட்டோ. கழுத்தெலும்பு முறிந்திருந்தால், அந்த அசைவிலேயே உள்ளிருக்கும் தண்டுவடம் நசுங்கலாம். பிறகு கை, கால் விளங்காமல் போகும் ஆபத்து உண்டு.

விழுந்த இடத்தில்

108-ஐ அழையுங்கள். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, தலையை இரு கைகளாலும் ஆடாமல் பிடித்துக்கொள்ளட்டும். கோணியிருக்கும் கழுத்தை நிமிர்த்தப் பார்க்காதீர்கள். மூச்சு சீராக இருந்தால் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள். ரத்தம் கொட்டினால் துணியால் அழுத்திப் பிடியுங்கள். மூச்சும் ரத்தமும்தான் முதலில், கழுத்து அதற்குப் பிறகு.

அவசரப் பிரிவில்

கழுத்துக்குக் காலர் போடுவார்கள். முதுகைப் பார்க்க, நான்கைந்து பேர் சேர்ந்து கட்டையை உருட்டுவதுபோல் உடம்பை ஒரே வாக்கில் திருப்புவார்கள். தலையைப் பிடித்திருப்பவர் குரல் கொடுத்தால்தான் மற்றவர்கள் திருப்ப வேண்டும்.

ஆம்புலன்ஸில் வந்த கெட்டிப் பலகை தூக்கி வருவதற்கு மட்டுமே. அதிலேயே கிடந்தால் பின்மண்டை, இடுப்பு, குதிகாலில் படுக்கைப்புண் வரும். அதனால் சீக்கிரமே படுக்கைக்கு மாற்றுவார்கள். காலரும் தேவைக்கு மேல் இருந்தால் கெடுதல்தான்: தோல் புண்ணாகும், தலைக்காயம் உள்ளவருக்கு மூளை அழுத்தம் கூடலாம்.

ஸ்கேன் எடுக்காமலே கழற்றலாமா?

சிலருக்குக் கழற்றலாம். நோயாளி முழு நினைவோடு இருக்க வேண்டும், போதை கூடாது, கழுத்தின் நடு எலும்பை அழுத்தினால் வலிக்கக் கூடாது, கை, கால் மரத்தோ பலமிழந்தோ இருக்கக் கூடாது, கவனத்தைத் திருப்பும் வேறு பெரிய காயமும் கூடாது. இந்த ஐந்தும் சரியாக இருந்தால் எக்ஸ்ரேகூடத் தேவையில்லை என்பதை, 34,000-க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்து 2000-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. முதியவர்களுக்கு மட்டும் மருத்துவர்கள் கூடுதல் எச்சரிக்கையாக இருப்பார்கள். சாதாரணமாக வழுக்கி விழுந்தாலும் அவர்களுக்குக் கழுத்தெலும்பு முறியலாம்.

செலவும் சட்டமும்

சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். உதவியவரைச் சட்டச் சிக்கலிலிருந்து காக்க, 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது.

உறவினர்களுக்கு ஒரு வார்த்தை: அடிபட்டவர் குடித்திருந்தால் மானத்துக்குப் பயந்து மறைக்காதீர்கள். போதையில் இருப்பவர் “கழுத்து வலிக்கல” என்று சொல்வதை நம்பிக் காலரைக் கழற்ற முடியாது.