சுரம் விட்டு மீளுங்கால்

வையையின் வடகரையிலுள்ள செல்லூரில், எம் அண்டைவீட்டு நெசவாளர் ஒருவர் சென்ற மார்கழியிற் சளிச்சுரத்தாற் படுத்தார். ஐந்தாம் நாள் சுரம் தணியவே தறியில் அமர்ந்தார். எட்டாம் நாள் குளிர் நடுக்கத்தோடு சுரம் மீண்டது. விலாவிற் குத்தலும் துருநிறச் சளியும் கண்டன. “விட்ட காய்ச்சல் திரும்பிவிட்டதே” என்று அவர் மனைவியார் கலங்கினார். “திரும்பியது அதுவன்று, அம்மா, இது வேறு” என்றார் மருத்துவர். அச்சொல்லின் பொருளை நாடிப் படித்ததில் யான் அறிந்ததையே ஈண்டு எழுதுகின்றேன்.

1918-ஆம் ஆண்டு பம்பாய் வழியே இந்நாட்டிற் புகுந்த இன்புளுயென்சா, சென்னை மாகாணத்தையும் விட்டுவைத்திலது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஜெர்மானிய அறிஞர் பைபர் 1892-இற் கண்ட ஒரு பாக்டீரியாவே அந்நோய்க்குக் காரணமென அக்கால மருத்துவருட் பலர் எண்ணினர். உண்மைக் காரணமாகிய வைரஸ் மனிதரிடத்து அறியப்பட்டது 1933-இலேதான். எனினும், பாக்டீரியாவை ஐயுற்றது முழுப் பிழையன்று. அக்கொள்ளைநோயில் இறந்த 58 பேரின் நுரையீரற் பகுதிகளை மோரென்ஸ் முதலிய அமெரிக்க அறிஞர் மீண்டும் ஆய்ந்து, ஏறக்குறைய எல்லாவற்றிலும் பாக்டீரியா நிமோனியாவின் அடையாளம் இருந்ததென 2008-இல் வெளியிட்டனர்.

இஃது எவ்வாறு நிகழ்கின்றது? மூச்சுக்குழலின் உட்புறத்து நுண்மயிர்கள் ஓயாது அசைந்து கிருமிகளை மேலே தள்ளுவன. அவற்றைத் தாங்கும் அணுக்களை வைரஸ் அழிக்கின்றது. அன்றியும், வைரஸை எதிர்க்க உடல் சுரக்கும் இன்டர்பெரான் என்னும் பொருளே, நுரையீரலிற் காவலிருந்து பாக்டீரியாவை விழுங்கும் அணுக்களின் ஊக்கத்தைக் குறைத்துவிடுகின்றதென எலிகளிற் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. என்னை மிகவும் வியப்பித்தது இதுவே. பலருடைய மூக்கிலும் தொண்டையிலும் தீங்கின்றி வாழ்ந்திருக்கும் நிமோகாக்கஸ், இச்சமயத்திற் கீழிறங்கிப் பெருகுகின்றது. அது பெருகிய பின்னரோ வெள்ளணுக்கள் வரம்பின்றி வந்து குவிகின்றன. அவை உமிழும் பொருள்கள் கிருமியோடு நுரையீரலையும் புண்படுத்தும். நுண்ணிய இரத்தக் குழல்கள் கசியும். காற்று நிறைய வேண்டிய சிற்றறைகளில் நீரும் சீழும் நிறையும். காவல் முதலிற் குறைந்து, பின்னர் மிகுந்து, இருவகையானும் நோயாளியை வருத்துகின்றது.

1918-இற் பெனிசிலின் இல்லை. இன்று அதனினும் சிறந்த மருந்துகள் உள. நிமோகாக்கஸுக்குரிய தடுப்பூசியும் 2021 முதல் நாடெங்கும் குழந்தைகட்கு இடப்படுகின்றது. ஆயினும் நண்பர்காள், வெறுஞ் சளிச்சுரத்திற்கே இம்மருந்துகளைக் கடையில் வாங்கி விழுங்கும் நம்மவர் வழக்கம் வீணே. வைரஸை அவை தொடமாட்டா. தணிந்த சுரம் மூச்சிரைப்போடு மீளுமாயின் அன்றே மருத்துவரை நாட வேண்டும்.

எம் அண்டைவீட்டார் அவ்வாறே அன்றிரவு மருத்துவமனை சேர்ந்தார். தைப் பிற்பகுதியில் அவர் தறியோசை மீண்டும் எம் தெருவிற் கேட்டது.