அருவியில் இரண்டு பேராகத் தெரிந்த பையன்

திற்பரப்பில் கோதையாறு ஏறத்தாழ 50 அடி உயரப் பாறையிலிருந்து அகலமாகப் பரந்து விழுகிறது. சாதாரணப் படத்தில் அடங்காது. அதனால் பனோரமாவில் வைத்து, போனை இடமிருந்து வலமாக மெல்லத் திருப்பினேன். இடது ஓரம் நின்ற அக்கா மகன், கேமரா தன்னைத் தாண்டியதும் என் முதுகுக்குப் பின்னால் சுற்றி வலப்பக்கம் போய் நின்றுகொண்டான். படத்தில் இரண்டு பேர்! மறுமுறை வலமிருந்து இடமாக ஓடினான். படத்தில் ஆளையே காணோம்.

டேட்டாபேஸை பேக்கப் எடுப்பதும் பனோரமா எடுப்பது மாதிரிதான். கோடிக்கணக்கான பதிவுகளை ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை படியெடுக்க நேரமாகும். அதற்குள் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு 5,000 ரூபாய் போகிறது என்று வையுங்கள். அனுப்பியவர் கணக்கைப் பணம் போகும் முன்பும், பெற்றவர் கணக்கைப் பணம் வந்த பின்பும் படியெடுத்தால், நகலில் அந்த 5,000 இரண்டு இடத்திலும் இருக்கும். வரிசை மாறினால் எங்கேயும் இருக்காது. தனித்தனியே பார்த்தால் இரண்டு வரியும் சரி, கூட்டினால்தான் தப்பு. என்றைக்கோ சர்வர் படுத்து, நகலை எடுத்துப் போடும்போதுதான் குட்டு உடையும்.

அதனால்தான் பேக்கப் எடுக்கும்போது பயனர்களுக்குக் கதவடைப்பு. முதலில் அறிவிப்பு வரும். பிறகு புதிய லாகின்கள் நிற்கும். உள்ளே பாதியில் இருக்கும் வேலைகள் முடியக் கொஞ்சம் காத்திருப்பார்கள். அப்புறமும் வெளியேறாதவர்களின் இணைப்பைத் துண்டிப்பார்கள். அவர்களின் முடியாத வேலை பழைய நிலைக்கே திரும்பும். நகல் முடியும்வரை நிர்வாகிக்கு மட்டும்தான் அனுமதி. சில இடங்களில் பார்வையிட மட்டும் விடுவார்கள். பார்ப்பதால் எதுவும் மாறாதே.

திற்பரப்புக்குப் போகச் சென்னையிலிருந்து குழித்துறைக்கு ரயில் டிக்கெட் போடுகிறவர்களுக்கு இப்படி ஒரு கதவடைப்பு பழக்கமானதுதான். அன்றாடப் பராமரிப்புக்காக இரவு 11.45 முதல் 12.20 வரை முன்பதிவு கிடையாது. 2021 நவம்பர் 14 இரவு தொடங்கி ஒரு வாரம், தினமும் இரவு 11.30 முதல் காலை 5.30 வரை முன்பதிவை நிறுத்தினார்கள். கொரோனா காலச் சிறப்பு ரயில்களின் எண்களைப் பழைய எண்களாக மாற்றும் வேலை அது. ரயில்வேயின் 139 எண் உள்ளிட்ட விசாரணைச் சேவைகள் மட்டும் தொடர்ந்தன. அது பேக்கப் இல்லை. ஆனால் எண்ணை மாற்றும்போது நடுவில் ஒருவர் டிக்கெட் எடுத்தால் என்ன ஆகும் என்ற கவலை ஒன்றுதான்.

எல்லோராலும் இப்படி அடைத்துவைக்க முடியாது. 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்ட் பணப் பரிமாற்றம் 24 மணி நேரமும் நடக்கிறது. ஓயாமல் இயங்கும் அமைப்புகளுக்கு வேறு வழி உண்டு. நகலெடுக்கும்போது நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் தனி லாகில் வரிசையாக எழுதிவைப்பார்கள். மீட்கும்போது, கலைந்த நகலின் மேல் அந்த வரிசையை ஓட்டினால் எல்லாம் ஒரே கணத்துக்கு வந்து சேரும். யார் எப்போது எங்கே ஓடினார்கள் என்ற குறிப்பை வைத்துப் பனோரமாவைத் திருத்துவது போல.

அத்தனை வசதியில்லாத சின்ன அலுவலகத்துக்கு, வேலை முடிந்தபின் எல்லோரையும் வெளியேற்றிவிட்டு நகலெடுப்பதே எளிது. நானும் மூன்றாம் முறை, “அனங்காம நில்லு மக்களே” என்றேன். குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றான். படத்தில் ஒரே பையன்தான் இருந்தான்.