இணைப்பொறியும் இடைவெளியும்

மக்கள் ஆக்கிய பொறி எதுவாயினும் ஒருநாட் பழுதுறும். பழுதை அறவே நீக்குதல் இயலாதாகலின், பழுது நேர்ந்தவிடத்தும் பணி நில்லாதிருத்தற்கான உபாயங்களை அறிஞர் நாடினர். அவற்றுள் மிகப் பழையது படியெடுத்து வைத்தல். திருகோணமலைத் துறைமுகத்தின் பெயரை ஆங்கிலேயர் வழங்கியவாறே தாங்கிய 'திரிங்கோமலி' என்னும் போர்க்கப்பலின் வரலாறு இதற்குச் சான்று பகரும். பம்பாயிற் கட்டப்படவிருந்த அக்கப்பலின் வரைபடங்களை ஏற்றிச்சென்ற 'ஜாவா' என்னும் கப்பல், 1812ஆம் ஆண்டு திசெம்பர் 29ஆம் நாள் அமெரிக்கக் கப்பலொன்றோடு பொருது தோற்றது, பின்னர் எரியூட்டப்பட்டது. வேறு படிகள் அனுப்பப்பட்டமையாற் பணி கைவிடப்படவில்லை. 1817ஆம் ஆண்டு ஒக்தோபர் 12ஆம் நாள் நீரில் இறக்கப்பட்ட அக்கப்பல், இன்று இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரிற் பேணப்படுகின்றது. ஆயினும் படி வந்து சேரும்வரை காலம் கழிந்தது. எனவே, படி உண்டோ என்பதோடு, அது எத்துணைப் பின்தங்கி வருகின்றது என்பதும் வினாவாகும். கணினித் துறையில் இவ்விரண்டாம் வினா பெறும் இடத்தை ஈண்டு நோக்குவோம்.

மெய்யான கணினி ஒன்றினுள் மென்பொருளால் அமைக்கப்படும் கணினி, மெய்நிகர்ப் பொறி எனப்படும். அதனை ஆள்வது மேற்பார்வை மென்பொருள். ஒரே மெய்நிகர்ப் பொறியை வெவ்வேறான இரு கணினிகளில் ஒருங்கே இயக்கினால், ஒன்று வீழ்ந்தவழி மற்றையது பணியை ஏற்கும். இம்முறையை 1995ஆம் ஆண்டிற் பிரெசூட், ஷ்னைடர் என்போர் செய்து காட்டினர், 2009இல் வி.எம்.வெயார் நிறுவனம் வணிகப் பயனுக்குக் கொணர்ந்தது. தொடக்க நிலையும் உள்ளீடுகளும் அவற்றின் வரிசையும் ஒன்றாயின் விடையும் ஒன்றாகும் என்பதே இதன் அடிப்படை. ஆதலின், முதற்பொறி பெறும் உள்ளீடுகளும், அவை எந்தக் கட்டளையின்போது வந்தன என்னும் குறிப்பும் பதிவுகளாக இணைப்பொறிக்கு உடனுக்குடன் அனுப்பப்படும்.

இங்கே கட்டாயமான விதியொன்று உளது. ஒரு விடைக்குக் காரணமான பதிவுகள் யாவும் தன்னை அடைந்தன என்று இணைப்பொறி ஒப்புதல் தரும்வரை, முதற்பொறி அவ்விடையை வெளியே விடலாகாது. வங்கியொன்று, பணம் கணக்கிற் சேர்ந்தது எனச் சொல்லிய மறுகணமே முதற்பொறி வீழ்ந்தது எனக் கொள்க. பதிவு இணைப்பொறியை அடையாதிருந்தால், ஏழை ஒருவரின் வைப்புச் சுவடின்றி மறையும்.

பதிவு வந்து சேர்தல் வேறு. அதன்படி இயங்கி முடித்தல் வேறு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலமே இடைவெளி. முதற்பொறி வீழ்ந்தால், எஞ்சிய பதிவுகளை இயக்கி முடித்த பின்னரே இணைப்பொறி பணியை ஏற்கும். இணைப்பொறி உறையும் கணினியின் செயலி வேறு வேலைகளால் நெருக்குண்டால் இவ்விடைவெளி வளரும். 2010ஆம் ஆண்டு வெளியான வி.எம்.வெயார் ஆய்வுரை, இடைவெளி பொதுவாக 100 மில்லிசெக்கனுக்கும் குறைவு என்றும், ஒரு செக்கன் அளவிற்கு மிகுமாயின் முதற்பொறிக்கு வழங்கும் செயலிப் பங்கு சிறிது குறைக்கப்படும் என்றும் கூறுகின்றது. முந்தி ஓடுபவன், பிந்தி வருபவனுக்காக நடையைத் தளர்த்துதல் போன்றது இது. ஆகவே, முதற்பொறி மெதுவாயிற்றெனக் கண்டவர் அதனை மாத்திரம் ஆராய்ந்தாற் காரணம் புலப்படாது. நோய் மற்றைக் கணினியில் இருத்தல் கூடும்.

அளக்கும் இடமும் கருதத்தக்கது. செயலியினுள் உள்ள எண்ணிகள், கழிந்த துடிப்புகளையும் நினைவகத் தேட்டத்தின் தவறுகளையும் எண்ணுவன. இவ்வெண்கள் இரு கணினிகளிலும் ஒன்றாயிரா. பொறியினுள் ஓடும் நிரலொன்று அவற்றை வாசித்து, அதற்கேற்ப வழி மாறுமாயின், இரு பொறிகளும் வேறுபடும். அதனால் அவ்வாசிப்பையும் ஓர் உள்ளீடாகக் கொண்டு பதிந்து அனுப்புதல் வேண்டும். அன்றேல் அதனைத் தடுத்தல் வேண்டும். மேலும், செயலி கிடைக்காது காத்திருந்த காலத்தைப் பொறி தன்னுள்ளிருந்து செவ்வனே உணராது. எனவே, செயலிப் பயன்பாடு, காத்திருப்பு, இடைவெளி ஆகிய மூன்றையும் மேற்பார்வை மென்பொருளின் நிலையிலிருந்து இரு கணினிகளிலும் அளத்தலே தக்கது.

செயலிகள் பலவாயின், அவை பொது நினைவகத்தைத் தொடும் வரிசையைப் பதிதல் மிகக் கடினம். ஆதலின், 2015இல் அந்நிறுவனம் பதிவு முறையை விடுத்து, முதற்பொறியின் நிலையையே விரைந்து விரைந்து படியெடுத்து அனுப்பும் முறையைக் கைக்கொண்டது. முறை மாறினும் இடைவெளியை அளக்கும் தேவை மாறவில்லை.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. நிரலிலுள்ள பிழையை இணைப்பொறியும் பிழையாமற் பின்பற்றும். இரு கணினிகளும் ஒரே கட்டடத்தில் இருப்பின், 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் கிழக்குக் கரை கண்டதுபோன்ற கடற்கோள் இரண்டையும் ஒருங்கே கொண்டுசெல்லும். ஆகவே, படி ஒன்று உளது என்னும் நம்பிக்கை மாத்திரம் அமையாது. அது எங்கே உளது, எத்துணைப் பின்தங்கியது என்று நாடோறும் அளந்தறிபவரே, பிறர் நம்பி ஒப்படைத்த கணக்கையும் ஆவணத்தையும் காக்க வல்லவராவர்.