காப்பகச் செலவை யார் ஏற்பது?

பணிக்குச் செல்லும் ஒரு தாயின் மாத ஊதியம் 15,000 ரூபாய் எனக் கொள்வோம். குழந்தைகள் காப்பகத்துக்கு 6,000 ரூபாய், பேருந்துக்கும் பிறவற்றுக்கும் 2,000 ரூபாய் போனால், பாதிக்கும் குறைவே மிஞ்சும். அவர் வேலையை விட்டால், அது அவரது விருப்பம் என்கிறோம். பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், அதை உழைப்பின் மீது விதிக்கப்பட்ட வரி என்றே நான் கருதுகிறேன்.

2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், 50 பேரும் அதற்கு மேலும் பணியாற்றும் நிறுவனங்களில் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. நோக்கம் உயர்ந்தது. ஆனால், செலவு முழுவதும் நிறுவனத்தின் மீது விழும்போது, பெண்களைப் பணியமர்த்தவே தயக்கம் எழக்கூடும். வயல்களிலும் வீடுகளிலும் சிறு கடைகளிலும் உழைக்கும் பெண்களையோ அச்சட்டம் எட்டவில்லை.

கனடாவின் கியூபெக் மாநிலம் 1997-இல் வேறு வழியைத் தேர்ந்தது. பெற்றோர் நாளொன்றுக்கு 5 டாலர் செலுத்தினர். மீதியை அரசு ஏற்றது. வேலைக்குச் செல்லும் தாய்மார்களின் விகிதம் கணிசமாக உயர்ந்தது. எனினும், எல்லாக் காப்பகங்களிலும் தரம் ஒன்றாக இல்லை என்பதையும் ஆய்வுகள் சுட்டின.

நம் நாட்டில் 1975 முதல் அங்கன்வாடிகள் இயங்குகின்றன. ஆனால், தாயின் வேலைநேரம் முடியும் முன்பே பெரும்பாலானவை மூடப்பட்டுவிடுகின்றன. அங்கன்வாடியுடன் காப்பகத்தை இணைக்கும் மத்திய அரசின் 'பால்னா' திட்டத்தை விரிவாக்கி, கூடுதல் பணியாளர்களை உரிய ஊதியத்தில் நியமித்து, மாலைவரை இயக்க வேண்டும்.

குழந்தை வளர்ப்பின் பயனைச் சமூகம் முழுவதும் பெறுகிறது. செலவை மட்டும் தாயிடம் விடுவது நியாயமன்று.