ஜன்னல் மாட்டியாச்சு, பாக்கி எப்போ?

ஜன்னலுக்கு விலை கேட்டால் சதுர அடிக்கு இவ்வளவு என்பார்கள். யுபிவிசியா, அலுமினியமா, கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர், கொசுவலை உண்டா என்பதோடு பேரம் முடிந்துவிடும். கைப்பிடி, பூட்டு, ரோலர், ரப்பர் எல்லாம் அந்த விலைக்குள் அடக்கம். வீடு கட்டுபவர் அதையெல்லாம் தோண்டிக் கேட்பதில்லை. கேட்டாலும் ‘நல்ல கம்பெனி ஐட்டம் சார்’ என்ற பதில் அவருக்குப் போதும். அந்த ‘ஐட்ட’த்தை ஜன்னல் செய்பவர்களுக்குக் கொண்டுவந்து கொடுக்கிற வியாபாரிகளைப் பற்றியது இந்தக் கட்டுரை.

‘வளரும் தொழில்கள்’ என்ற வரிசைக்காகத்தான் இதை எழுதச் சொன்னார்கள். தொழில் வளர்கிறது, அதில் சந்தேகமில்லை. தேக்கு விலையும் ஆசாரி கூலியும் ஏறிய பிறகு மர ஜன்னல் பணக்காரர் வீட்டுச் சமாச்சாரமாகிவிட்டது. சென்னை, கோவை, மதுரை புறநகர்களில் நாலு மிஷின் போட்டு ஜன்னல் செய்யும் பட்டறைகள் பெருகிவிட்டன. பேப்ரிகேட்டர் என்பது இன்று ஊருக்கு ஊர் தெரிந்த தொழில்பெயர். அவர்களுக்குச் சாமான் சப்ளை செய்பவரின் விற்பனையும் கூடவே ஏறுகிறது. ஆனால் விற்பனை ஏறுவதும் பணம் வருவதும் ஒன்றல்ல. வளர்ச்சியைப் பற்றி எழுதப் போய், நான் மாட்டிக்கொண்டது பாக்கிக் கணக்கில்.

முதலில் சரக்கைப் பார்த்துவிடலாம். யுபிவிசி ஜன்னல் என்றால் வெளியே தெரிவது வெள்ளைச் சட்டம். அதன் அறைக்குள் துத்தநாகம் பூசிய இரும்பு ஓடுகிறது. அது இல்லாவிட்டால் பெரிய கதவு வளைந்துவிடும். மூலைகளை ஏறக்குறைய 250 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருக்கி ஒட்டுகிறார்கள். கண்ணாடியைச் சுற்றி இபிடிஎம் ரப்பர் கேஸ்கெட், அதைப் பிடித்து நிற்கும் பீடிங். வெளிப்பக்கம் திறக்கும் கதவுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு பிரிக்ஷன் ஸ்டே, பக்கவாட்டில் நீளமாக ஓடும் மல்டி பாயின்ட் லாக், அது போய் மாட்டிக்கொள்ளச் சட்டத்தில் சில ஸ்டிரைக்கர்கள், கடைசியாகக் கைப்பிடி. இழுக்கும் ஜன்னலாக இருந்தால் ஸ்டேக்குப் பதில் ரோலர், காற்றும் தூசியும் புகாமல் இருக்க மயிர்ப்பட்டை, மழைத்தண்ணீர் வடியும் துவாரத்துக்கு மூடி. ஸ்க்ரூ தனி.

இதில் ஒவ்வொன்றும் ஒரே ரகமாக இருந்தால் வியாபாரம் எளிது. இல்லை. யுபிவிசி சட்டத்தில் சாமான் உட்காரும் பள்ளம் பெரும்பாலும் ஐரோப்பியர் வகுத்த 16 மில்லிமீட்டர் அளவு. அலுமினியத்துக்கு வேறு பள்ளம். 12 அடி, 16 அடி நீளத்தில் விற்கும் நம்மூர்ப் பழைய அலுமினிய செக்ஷனுக்குப் பள்ளமே கிடையாது, துளை போட்டுத்தான் மாட்ட வேண்டும். கைப்பிடியின் பின்னால் ஒரு சதுரத் தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அகலம் வழக்கமாக 7 மில்லிமீட்டர், நீளம் மட்டும் சட்டத்தின் கனத்தைப் பொறுத்து மாறும். நாலு நீளம், வெள்ளை, கறுப்பு, பிரவுன், சில்வர் என்று நாலு நிறம் வைத்தாலே ஒரே ஒரு மாடலுக்குப் பதினாறு பெட்டி. பிரிக்ஷன் ஸ்டே 8 அங்குலத்திலிருந்து 24 அங்குலம் வரை. ரோலரோ சுமக்கும் எடையைப் பொறுத்து மாறும். இத்தனையும் அலமாரியில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் பேப்ரிகேட்டர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். சட்டம் தயாரிக்கும் கம்பெனி செக்ஷன் வடிவத்தைக் கொஞ்சம் மாற்றினாலும் அதற்கென்று வாங்கி வைத்த சரக்கு அப்படியே நின்றுபோகும். அப்புறம் அது கிலோ கணக்கில் பழைய இரும்புக்கடைக்குத்தான்.

இன்னொரு கணக்கும் உண்டு. இரண்டடிக்கு இரண்டடி பாத்ரூம் ஜன்னலுக்கும் கைப்பிடி ஒன்று, ஸ்டே இரண்டு. நாலடிக்கு இரண்டடிக் கதவுக்கும் கைப்பிடி ஒன்று, ஸ்டே இரண்டு. பில்டருக்குச் சதுர அடி விலை சொல்லிவிட்டு வந்த புதுப் பேப்ரிகேட்டர், சின்ன ஜன்னல்கள் அதிகமுள்ள அடுக்குமாடியில் கையைச் சுட்டுக்கொள்வது இங்கேதான். சுட்ட கை முதலில் யாருக்குப் பாக்கி வைக்கும்?

ஜன்னல் செய்ய மூன்று பெரிய கொள்முதல். சட்டம், கண்ணாடி, சாமான். சட்டம் பெரிய ஆலைகளிலிருந்து வருவது. அவர்களிடம் சிறு பட்டறைக்காரர் கடன் சொல்வது சிரமம். கண்ணாடி அளவு கொடுத்து வெட்டி, டஃபன் செய்து வாங்குவது. ஒரு ஜன்னலுக்கு வெட்டியதை இன்னொருவருக்கு விற்க முடியாது, அதனால் முன்பணம் கேட்பார்கள். மிச்சம் சாமான் கடை. அவர் உள்ளூர்க்காரர், பேர் சொல்லிப் பழகியவர், கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தவர். ‘அண்ணே, சைட் முடிஞ்சதும் தர்றேன்’ என்று சொல்ல முடிந்த ஒரே இடம் அவர்தான். மொத்தச் செலவில் சாமானின் பங்கு சின்னது. ஆனால் மொத்தக் கடனும் அந்தச் சின்னப் பங்கின் தலையில் உட்காருகிறது.

கட்டடம் எழும் வரிசையும் சாமான்காரருக்கு எதிரி. ஜன்னல் அளவு எடுப்பதே பூச்சு வேலை முடிந்து, கீழே கிரானைட் பதித்த பிறகு. மாட்டுவது பெயின்ட் ஒரு கோட் அடித்த பிறகு. கைப்பிடியை அதற்கும் பிறகு, சாவி கொடுக்கும் வாரத்தில்தான் போடுவார்கள். முன்னாடியே போட்டால் உடையும், காணாமலும் போகும். அதாவது, சிமென்ட்டும் கம்பியும் மணலும் காசைத் தின்று முடித்த பிறகு, பில்டரின் பை வற்றுகிற நேரத்தில்தான் ஜன்னல்காரர் பில் நீட்டுகிறார். அதிலும் ஒரு பகுதியைக் குறை ஏதும் வந்தால் சரிசெய்ய என்று நிறுத்திவைக்கும் வழக்கம் இருக்கிறது. பில்டர் நிறுத்துவது பேப்ரிகேட்டரின் பணம் என்று தோன்றும். உண்மையில் அது சாமான் கடைக்காரரின் பணம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லட்ச ரூபாய்க்குச் சாமான், 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்து 1,18,000-க்கு பில். லாபம் 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், கொள்முதல் 88,000. கொள்முதலோடு கட்டிய வரியும், விற்றதற்கு அரசுக்குக் கட்டிய மிச்ச வரியும் சேர்ந்தால் 18,000. வாங்கியவர் காசு கொடுத்தாரா என்று ஜிஎஸ்டி காத்திருக்காது. பெரும்பாலோருக்கு அடுத்த மாதமே கட்டியாக வேண்டும். ஆக வியாபாரியின் கையிலிருந்து போனது 1,06,000. வங்கி ஓவர்டிராஃப்ட் வட்டி மாதம் ஒரு சதவீதம் என்றால் மாதத்துக்கு 1,060 ரூபாய். ஆறு மாதம் பாக்கி நின்றால் 6,360. பன்னிரண்டாயிரம் லாபத்தில் பாதிக்கு மேல் வங்கிக்கே போயிற்று. கடை வாடகை, பையன்கள் சம்பளம், டெலிவரி வண்டி டீசல் எல்லாம் மிச்சத்தில். பாக்கி ஒரு வருடத்தைத் தொட்டால் லாபம் என்ற சொல்லையே மறந்துவிட வேண்டியதுதான்.

சிறு தொழில்களைக் காக்கச் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டத்தின்படி, குறு, சிறு நிறுவனத்திடம் வாங்கிய சரக்குக்கு, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கக் கூடாது. இழுத்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக. இது போதாதென்று வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று ஒரு பிரிவு 2024 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்தது. கெடு தாண்டிய பாக்கியை, பணம் கொடுத்த வருடத்தில்தான் செலவாகக் காட்ட முடியும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தப் பாதுகாப்பு உற்பத்தி செய்பவருக்கும் சேவை தருபவருக்கும் உரியது. வாங்கி விற்பவர் இதில் இல்லை. மொத்த, சில்லறை வியாபாரிகளையும் சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவில் 2021 ஜூலையில் சேர்த்தார்கள். ஆனால் வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டும் என்ற வரியையும் சேர்த்தே சொன்னார்கள். கேஸ்கெட் தயாரிக்கும் சின்ன ஆலைக்கு 45 நாள் உரிமை. அதே கேஸ்கெட்டை ரோல் ரோலாக வாங்கி, நூறு பட்டறைக்குப் பிரித்துக் கடன் கொடுக்கிறவருக்கு இல்லை. மார்ச் மாதம் பேப்ரிகேட்டர் கையில் கொஞ்சம் பணம் இருந்தால், வரிச் சலுகை போய்விடுமே என்று உற்பத்தியாளருக்குத்தான் முதலில் கொடுப்பார். வியாபாரியை வரிசையின் கடைசிக்கு அனுப்பியது, சிறு தொழிலைக் காக்க வந்த சட்டமே! இதை நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

மிச்சமிருப்பது பழைய ஆயுதங்கள். பின்தேதியிட்ட செக் வாங்கி வைப்பார்கள்; திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவில் நோட்டீஸ், வழக்கு, வாய்தா. கடனுக்குச் சிவில் வழக்குப் போட மூன்று ஆண்டுக் கெடு இருப்பதால், வருடாவருடம் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்து வாங்குவதும் உண்டு. ஆனால் வழக்குப் போட்டால் அந்தப் பட்டறை இனி வாங்காது. போடாவிட்டால் பணம் வராது. பெரும்பாலோர் மூன்றாவது வழியில் போகிறார்கள். பழைய பாக்கி வரும் என்று நம்பி, புதுச் சரக்கும் கடனில் அனுப்புகிறார்கள்.

இது இரண்டு வியாபாரிகளின் வீட்டுப் பிரச்னை மட்டுமல்ல. உங்கள் ஜன்னல் துருப்பிடிப்பதும் இதோடு சேர்ந்ததுதான். பிரிக்ஷன் ஸ்டே எந்த எஃகு என்பது முக்கியம். 304 என்றால் குரோமியம் சுமார் 18, நிக்கல் சுமார் 8 சதவீதம். 202 என்றால் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் ஏற்றியது. விலை குறைவு, உப்புக்காற்றில் ஆயுசும் குறைவு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. காந்தம் வைத்துப் பார்த்தும் பிரித்துவிட முடியாது. துளி மருந்து விட்டு நிறம் பார்க்கிற சோதனை வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ தூத்துக்குடியிலோ கடல் தெரியும் வீடு என்றால் மாலிப்டினம் கலந்த 316 போடுவது நல்லது. ஐரோப்பியத் தரமான இஎன் 1670-ல் நாலாவது கிரேடு சாமான் 240 மணி நேரம் உப்புநீர்த் தெளிப்பைத் தாங்க வேண்டும், ஐந்தாவது கிரேடு 480 மணி நேரம்.

இப்போது ஆறு மாதக் கடன் கொடுக்கும் கடையும், கையில் காசு கேட்கும் கடையும் எதிரெதிரே இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பட்டறைக்காரர் எங்கே போவார்? கடன் கொடுப்பவர் அந்த ஆறு மாத வட்டியை எங்கே எடுப்பார்? விலையை ஏற்ற முடியாது. 304 விலையில் 202 போய்ச் சேர்வதற்கு இதைவிட வசதியான சூழ்நிலை வேண்டியதில்லை. எல்லாக் கடைக்காரரும் இப்படி என்று சொல்ல வரவில்லை. நேர்மையாக இருப்பவருக்கு ஆர்டர் குறைகிற மாதிரி இந்தச் சந்தை அமைந்திருக்கிறது.

பேப்ரிகேட்டர்கள் இதற்குப் பதில் சொல்வார்கள்: எங்களுக்கு வந்தால்தானே நாங்கள் கொடுப்போம் என்று. பில்டரும் அதையே வீடு வாங்கியவரைக் காட்டிச் சொல்வார். நியாயம்தான். ஆனால் சங்கிலியில் எல்லாரும் பின்னால் திரும்பிக் கை காட்ட முடிகிறது. சாமான்காரர் மட்டும் தான் வாங்கிய இடத்தில் நேரத்துக்குக் கட்டுகிறார்.

அந்த இடம் பெரும்பாலும் தமிழ்நாட்டில் இல்லை என்பது இன்னொரு வருத்தம். பித்தளை என்றால் ஜாம்நகர், கதவு சாமான் என்றால் ராஜ்கோட், பூட்டு என்றால் அலிகர். கன்டெய்னரில் வருவது சீனாவின் குவாங்டாங்கிலிருந்து. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, மகிழ்ச்சி. கோவையில் வார்ப்படப் பட்டறைக்கும் டை செய்யும் கைக்கும் பஞ்சமில்லை. ஒரு கைப்பிடியை உள்ளூரிலேயே வார்த்து விற்க முடியாதா என்று தோன்றும். அப்படிச் செய்தால் வியாபாரி உற்பத்தியாளர் ஆவார், 45 நாள் உரிமையும் அவருக்கு வரும். ஆனால் டைக்கும் மிஷினுக்கும் போட வேண்டிய முதல், நாலைந்து பட்டறைகளின் லெட்ஜரில் கிடக்கிறது.

இதற்குள்ளேயே சிலர் தங்களுக்கென்று வழி செய்துகொண்டிருக்கிறார்கள். ரொக்கத்துக்கு ஒரு விலை, 30 நாளுக்கு ஒரு விலை, அதற்கு மேல் சரக்கில்லை என்று பட்டியலை இரண்டாகப் பிரிக்கிறார்கள். விசேஷ நிறம், விசேஷ அளவு என்றால் பாதி முன்பணம். சிலர் சில்லறைப் பக்கம் திரும்புகிறார்கள். முதல் அலையில் மாட்டிய இழுவை ஜன்னல்களில் ரோலர் தேய்ந்து, கதவு நகராமல் நிற்கிற காலம் இது. செய்து கொடுத்த பட்டறை பல ஊர்களில் இன்று இல்லை. வீட்டுக்காரர் பழைய ரோலரைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு கடைக்கு வருகிறார். அதே அளவு கிடைத்தால் விலையைப் பற்றிப் பேசுவதில்லை. சில கடைகள் ஒரு பையனை டூல் பையோடு அனுப்பி மாற்றியும் கொடுக்கின்றன. கதவை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, அங்கேயே யுபிஐ-யில் முழுப் பணமும் போட்டுவிடுகிறார்கள்.