திருவொற்றியூர் என்று வரைபடத்தில் எழுத

வடசென்னையில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடற்கரையை வரைய வேண்டும். ராயபுரம் ஏறத்தாழ 13.11 பாகை வடக்கு, எண்ணூர் 13.21-ஐ ஒட்டி. பாகைக்கு ஒரு சென்டிமீட்டர் என்று போட்டால் படம் ஒரு மில்லிமீட்டர்தான் தேறும். எட்டு சென்டிமீட்டர் உயரம் வேண்டுமானால் கரைக்கோட்டை எண்பது மடங்கு பெருக்க வேண்டும். ஊர்ப்பெயர்கள் மட்டும் பெருகாமல் 10 புள்ளி அளவிலேயே, அதாவது மூன்றரை மில்லிமீட்டரில் நிற்க வேண்டும்.

இதற்குப் பொருத்தமான கருவி 'அசிம்ப்டோட்'. ஜான் பௌமன், ஆண்டி ஹேமர்லிண்டல், டாம் பிரின்ஸ் ஆகியோர் உருவாக்கி 2004-இல் வெளிவந்த வெக்டர் வரைகலை மொழி. சுட்டியால் இழுத்து வரைவதில்லை. படம் முழுவதும் நிரல். புள்ளி, பெயர், திசை மூன்றையும் கொடுத்தால் பெயர் அந்தப் பக்கம் போய் உட்காரும்.

நிரலைப் படித்ததும் அது வரைந்துவிடுவதில்லை. பெயர்களை எழுத்துக்கோக்கும் மென்பொருளான லேடெக்கிடம் அனுப்பி, அகலம், உயரம், அடிக்கோட்டுக்குக் கீழே எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து வாங்குகிறது. 'எண்ணூர்' என்பதில் புள்ளி மேலே ஏறும், 'ணூ' கீழே இறங்கும். இரண்டுக்கும் இடம் ஒதுக்கியாக வேண்டும். பெருகும் கோடும் பெருகாத எழுத்தும் சேர்ந்து எட்டு சென்டிமீட்டருக்குள் அடங்க எத்தனை மடங்கு பெருக்கலாம்? 1947-இல் கணிதவியலாளர் டான்ட்சிக் வகுத்த சிம்ப்ளெக்ஸ் முறையில் கணக்குப் போட்டு, அதன் பிறகே வரைகிறது. இந்தப் பொறுமைதான் எனக்கு இந்த மொழியில் மிகவும் பிடித்தது.

தமிழுக்கு இன்னொரு படி உண்டு. 'திருவொற்றியூர்' கணினியில் இருக்கும்போது 'வ' முன்னால், ஒகரக் குறி பின்னால். தாளில் ஒற்றைக்கொம்பு 'வ'-வுக்கு முன்னே வர வேண்டும், கால் பின்னே வர வேண்டும். குறிகளைச் சேமித்த வரிசையிலேயே அடுக்கினால் பெயர் சிதைந்துவிடும். அதனால் எழுத்துக்கோக்கும் பொறியாக ஸீலேடெக்கைத் தேர்ந்தெடுத்து, தமிழ் எழுத்துருவையும் குறிப்பிட வேண்டும். கொம்பையும் காலையும் அது பிரித்து உரிய இடத்தில் வைக்கும்.

பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் மட்டும் அசிம்ப்டோட் தானாக விலக்கிவிடாது. ராயபுரமும் காசிமேடும் அவ்வளவு நெருக்கம். ராயபுரத்தை மேற்கே நிலத்தின் பக்கமும், மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேட்டைக் கிழக்கே கடலின் பக்கமும் தள்ளி எழுதுவேன்.